பூண்டோடு என்று எழுதினவன்

அவன் மட்டும் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருந்திருந்தால் என் பெண்டாட்டி இன்றைக்கு என் வீட்டில் இருந்திருப்பாள். சொல்லுங்கள், தமிழில் வேறு வார்த்தையா இல்லை? அடியோடு என்று எழுதியிருக்கலாம். வேரோடு என்று எழுதியிருக்கலாம். ஒன்று விடாமல், மிச்சம் மீதி இல்லாமல், எத்தனை கிடக்கிறது! அத்தனையையும் தள்ளிவிட்டு, பாவி, 'பூண்டோட' என்று எழுதினான். எங்கேயோ மெட்ராஸில் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினான். அது பெரியகுளத்தில் என் வீட்டு நடுக்கூடத்தில் வந்து விழுந்தது.

யாரா? அதுதானே எனக்கும் தெரியவில்லை. பேர் தெரியாது, முகம் தெரியாது. டிவியில் கடைசியாகப் பேர் போடுகிறான், நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடுகிறது. தமிழ் வசனம் எழுதினவன், அவ்வளவுதான் தெரியும். சாலிகிராமம் பக்கம்தான் இந்த டப்பிங் வேலையெல்லாம் நடக்கிறதாம். தெருத் தெருவாகக் கேட்பேன். கேட்டுக் கண்டுபிடிப்பேன். சட்டையைப் பிடிப்பேனா மாட்டேனா என்பது அவன் பேசுகிற விதத்தில் இருக்கிறது.

நீங்கள் டீச்சர்தானே? சிவப்புப் பேனாவைப் பார்த்ததுமே நினைத்தேன். திருத்துங்கள், திருத்துங்கள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருகிறேன். எனக்குச் சும்மா உட்கார வராது. மதுரையில் ஏறினதிலிருந்து இந்த ரயில் சீட்டில் ஏதோ குத்துகிற மாதிரியே இருக்கிறது.

என் பேர் சென்றாயன். பூண்டு யாவாரம். பூம்பாறை, மன்னவனூர், அங்கே மேலே விளைகிற மலைப்பூண்டு கீழே இறங்கினால் என் கை படாமல் போகாது. பள்ளிக்கூடமெல்லாம் நான் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூட்டை தூக்கினேன். ஏமாந்தேன். மறுபடி ஏமாந்தேன். ஏமாந்து ஏமாந்தே படித்தவன். இன்றைக்குச் சந்தையில் நான் ஒரு பூண்டை உடைத்து ஒரு பல்லை வாயில் போட்டேன் என்றால் அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

அந்த முறை உங்களுக்குத் தெரியாதில்லையா? சரக்கு வந்து இறங்கியதும் வாங்குகிறவன் ஒரு பல்லை எடுத்துக் கடிப்பான். காரம் பார்ப்பான். அந்தப் பல் அவன் வாயில் இருக்கிறவரைக்கும் அவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். வேறொருத்தன் அந்த மூட்டைப் பக்கம் திரும்பக் கூடாது. விற்கிறவனும் இன்னொருத்தனைக் கூப்பிடக் கூடாது. துப்பினால்தான் பேச்சு முடிந்தது. இதற்கு எழுத்தில்லை, கையெழுத்தில்லை. மீறினவன் சந்தையில் தலை நிமிர முடியாது. அவ்வளவு சுத்தமான முறை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். என் சம்சாரம் பேர் பொம்மி. போன வருசம் முட்டி ஆபரேசன் பண்ணினோம். நடக்காதே, மடக்காதே என்று உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தவள் டிவியைப் போட்டாள். மாமியார் மருமகள் சண்டை பார்ப்பாள் என்று நினைத்தேன். இவள் என்னடா என்றால் வான்வெளிக் கப்பல் பார்க்கிறாள்! இங்கிலீஷ்காரன் எடுத்தது, தமிழில் பேசுகிறான். பேர் என் வாயில் நுழையாது. வீட்டில் நாங்கள் 'வண்டு நாடகம்' என்போம்.

சிரிக்காதீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன். "ஏம்மா, உனக்கு வேற பொழப்பு இல்லையா? கரப்பான் பூச்சி சண்டையைப் போய்ப் பாக்குற" என்றேன்.

"கரப்பான் இல்லீங்க, கருவண்டர். ஆளு ஒசரம். பேசும்."

"என்ன பேசும்?"

"பேரம் பேசுது, உங்களை மாதிரி."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

கதை இதுதான். மனுசனெல்லாம் பூமியை விட்டுக் கிளம்பி எங்கெங்கோ குடியேறியிருக்கிறான். ஒரு நிலா இருக்கிறது, முழுக்கப் பனிக்கட்டி. மனுசனுக்குத் தண்ணீர் வேண்டும். கருவண்டர்கள் அந்தப் பனிக்கட்டிக்குள்தான் முட்டை வைக்கிறார்கள். ஒரே நிலா, ரெண்டு பேர் உரிமை கொண்டாடுகிறான். வாய்க்கால் தகராறு மாதிரிதான், கொஞ்சம் உயரத்தில் நடக்கிறது. வண்டுகள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஒரு கப்பலையே கடித்துத் துப்பின. கேப்டனுடைய தம்பி அதில்தான் செத்தான். அதனால் கேப்டனுக்கு உள்ளே எரிகிறது, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அப்போது வண்டுப் பக்கத்திலிருந்து தூதன் ஒருத்தன் வருகிறான். தனியாக வருகிறான் டீச்சர், கையில் ஆயுதம் கிடையாது. முகமே இல்லை, மீசை மாதிரி ரெண்டு கொம்புதான். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவான். "நீங்கள் மேல் பனி எடுங்கள். நாங்கள் கீழ்ப் பனி." எவ்வளவு நல்ல ஆரம்பம்! கேப்டன் என்ன செய்தான் தெரியுமா? எடுத்த எடுப்பில் கடைசி விலையைச் சொல்லிவிட்டான்! "பாதி நிலா, அதுக்குக் கீழே பேச்சே இல்லை." நான் டிவி முன்னால் குதித்தேன். "அட கூமுட்டை! பாதின்னு இப்பவே சொன்னா அவன் எதைக் கொறைப்பான்? முழு நிலாவும் எனக்குன்னு ஆரம்பிடா!"

பொம்மி சொல்வாள்: "நீங்க போயிருந்தா வண்டு முட்டையையும் வித்துட்டுப் போயிருக்கும்."

"வித்திருக்கும், ஆனா உசுரோட போயிருக்கும்ல?"

தினமும் சாயந்திரம் இப்படித்தான். நான் கேப்டன் பக்கம், அவள் தூதன் பக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசினதே இல்லை டீச்சர். சாயந்திரம் ஆனால் கடையில் எனக்கு இருப்புக்கொள்ளாது. மேலேயிருந்து லாரி வந்து நின்றாலும், "நாளைக்குப் பாப்போம்" என்று கிளம்பிவிடுவேன். நான்!

அந்தக் கப்பலில் ஒரு டாக்டரம்மா. அவள் கேட்பாள், "கடிச்ச வண்டு வேற, பனிக்குள்ள இருக்கிற முட்டை வேற இல்லையா?" கேப்டன் சொல்வான், "இன்னைக்கு முட்டை, நாளைக்கு வண்டு." இதை வைத்து ஒரு வாரம் எங்களுக்குள் சண்டை. கேப்டன் சொல்வதும் நியாயம்தானே, விட்டால் திரும்ப வருமே என்றேன் நான். "வந்தா வரட்டும். வர்றப்ப அடிச்சுக்க. வராததை ஏன் அடிக்கிற?" என்றாள் அவள். யோசித்துப் பார்த்தேன். யாவாரக் கணக்காகப் பார்த்தாலும் அவள் சொன்னதுதான் சரி. எதிராளி இனமே இல்லாமல் போய்விட்டால் நாளைக்கு நீ யாரிடம் பேசுவாய்? பேச ஆளில்லாத நிலாவை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கிறதா? நானே கடைசியில் வண்டுப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள். தூதன் கப்பலுக்குள் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. முக்கால்வாசி படிந்துவிட்டது. கேப்டன், "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போகிறான். தண்ணீர் குடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். போனவன் ஒரு பொத்தான் முன்னால் நிற்கிறவனைப் பார்த்துச் சொல்கிறான், "பூண்டோட அழிச்சிடு!"

நிலா வெடித்தது. தூள் தூளாகப் பறக்கிறது, பூண்டுத் தோல் பறக்கிற மாதிரி. கப்பலில் எல்லோரும் கைதட்டுகிறான், கட்டிப்பிடிக்கிறான். பாட்டு வேறு போட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். வாயில் பல் இருக்கும்போதே மூட்டையைக் கொளுத்துகிறானே! பேச வந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறானே! இவனெல்லாம் ஒரு கேப்டனா?

பொம்மி கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல?" என்றாள்.

"எது, பூண்டா? நம்ம சரக்காச்சே, டிவி வரைக்கும் போயிருச்சு பாத்தியா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தூதன் அப்புறம் என்ன ஆனான்னு காட்டவே இல்லையே" என்றாள். பிறகு அவளே சொல்லிக்கொண்டாள், "காட்ட மாட்டாங்க." மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு, அந்த முட்டியோடு, பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாருடைய தம்பி? அவள் தம்பி. சீலமுத்து. என் மச்சினன்.

அவனை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அவன் என் கடையில் நின்று தொழில் கற்றவன். காரம் பார்ப்பதிலிருந்து எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டு என்ன செய்தான்? என் கடைக்கு எதிரிலேயே கடை போட்டான். பூம்பாறைக்காரர்கள் பாதிப் பேர் அவனிடம் போனார்கள். நல்லா பேசுவான், அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னிடமே எதிர்த்து நின்று பேசுவான். "மாமா, நீங்க சொல்ற வெலைக்குத் தோல்தான் வரும், பல்லு வராது" என்பான். சந்தையே சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன், பிறகு வீட்டுக்கு வந்து தூக்கம் வராது.

பொம்மி முட்டி ஆபரேசனுக்கு முன்னாலேயே ஒரு நாள், சந்தை நடுவில் நின்று சொன்னேன், "இவனைப் பூண்டோட ஒழிக்கிறேனா இல்லையா பாருங்கடா." பூண்டு யாவாரி சொன்னதால் அது ஒரு தமாசாகிவிட்டது. சுமை தூக்குகிறவன்கூட, "அண்ணே, எப்ப பூண்டோட?" என்று கேட்பான். வெறும் தமாசு.

அப்புறம் யாவாரத்தில் செய்கிறதைச் செய்தேன். சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, அவன் மூட்டையைத் தொட்டவன் என் மூட்டையைத் தொட வேண்டாம் என்றேன். மலைக்காரர்களுக்கு அவனைவிட ஏற்றிக் கொடுத்தேன். நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று கொடுத்தேன். அவன் இறங்கிவந்தான். பேச வந்தான். வீட்டுக்கே வந்தான், தனியாக. "மாமா, மேல்மலைச் சரக்கு நீங்க எடுத்துக்கங்க, கீழ்மலை எனக்கு விடுங்க" என்றான். பொம்மிக்கு முகமெல்லாம் சந்தோசம். தம்பிக்குக் காபி போடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு யோசனை. அவன் சரக்கு வைத்திருந்த கொட்டகைக்காரன் ரொம்ப நாளாக என்னிடம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிசம் மாப்ளே" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அவனுக்கு ஒரு போன் போட்டேன். கொட்டகையை நான் எடுத்துக்கொள்கிறேன், இருக்கிற மூட்டையை வெளியே வை என்றேன். அவ்வளவுதான். மழை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேகம் இருந்தது, மேகம் தினமும்தான் இருக்கும். அத்தனை மூட்டையும் நனைந்து முளைவிட்டுப் போனது.

ஏன் டீச்சர் அப்படிப் பார்க்கிறீர்கள்? பேனாவை மூடிவிட்டீர்களே.

அவனுக்கு ஒரு மகள், வீரலட்சுமி. அப்பன் கடை போனபிறகு நாலு பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு பூண்டு உரித்துப் பாக்கெட் போட்டு ஹோட்டலுக்குக் கொடுத்தாள். கெட்டிக்காரி. நான் ஹோட்டல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன். மிரட்டலெல்லாம் இல்லை, ஒரு வார்த்தைதான். இன்றைக்குப் பாக்கெட் போடுகிறவள் நாளைக்குக் கடை போட மாட்டாளா?

என்ன? கேப்டன் சொன்னதா? அட, அது வேறு டீச்சர். அது முட்டை. இது யாவாரம். அது நிலா. அங்கே உயிரே போச்சு. இங்கே யார் செத்தார்கள்? குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டான், அங்கே யாரோ ஒருத்தருடைய மண்டியில் எடை போடுகிறான். நன்றாக இருக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அவன் போனபிறகு சந்தையில் என்னை எதிர்த்து ஒரு பேச்சு இல்லை. நான் சொன்ன விலைதான். சொன்னதும் தலையாட்டுகிறார்கள். காலையில் போகிறேன், சொல்கிறேன், முடிந்துவிடுகிறது, வெயில் ஏறுமுன் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அது ஒரு நிம்மதிதானே? நிம்மதிதான். பல்லைக் கடித்தால் முன்ன மாதிரி காரம் தெரியவில்லை, அது வயசு.

இந்தா, திராட்சை! இங்கே வாம்மா. என்ன விலை? ஏம்மா, இதைத் தோட்டத்தோடு சேர்த்தா விற்கிறாய்? பாதி சொல்லு... சரி, போ, போ. போகிறாள் பாருங்கள்! ஏய், நில்லும்மா! பேசிக்கொண்டிருக்கும்போது போகிறாயே, ஏதாவது சொல்லிவிட்டுப் போ! ...போய்விட்டாள். இப்போதெல்லாம் யாருக்கும் நின்று பேசப் பொறுமையில்லை.

எங்கே விட்டேன்? பொம்மி. நான் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தாள். "வீட்டுக்கு வாம்மா, என்ன வேணும் சொல்லு, தர்றேன்" என்றேன். கல்யாணமானதிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. ஒரு சேலைக்குக்கூட நானாகத்தான் போய் வாங்கி வருவேன். அன்றைக்குக் கேட்டாள்.

"அந்தக் கேப்டன், அந்த நிலா இருந்த எடத்துல போய் நின்னு, பண்ணது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பாருங்கள், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஆனால் எனக்குச் சந்தோசம் டீச்சர். விலை சொல்லிவிட்டாளே. விலை சொன்னவளிடம் முடித்துவிடலாம், விலையே சொல்லாதவளிடம்தான் கஷ்டம். அன்றைக்கே முடிவு பண்ணினேன். இங்கிலீஷ்காரனைப் பிடிக்க முடியாது, சரி. தமிழ் எழுதினவனைப் பிடிக்கலாமே? புதுசாக ஒரு காட்சி எழுதச் சொல்வேன். படம் எடுக்க முடியாவிட்டாலும் குரல் போதும். கேப்டனுக்குக் குரல் கொடுத்தவனைப் பேச வைத்து, ஒரு போனில் பிடித்துக்கொண்டு போய் அவள் காதில் வைத்துவிடுவேன். என்ன கேட்கிறானோ கொடுத்துவிடுகிறேன். பேரமே பேச மாட்டேன். நான்!

என்ன சொன்னீர்கள்?

இன்னொரு தரம் சொல்லுங்கள்.

அவள் சொன்ன கேப்டன் டிவியில் இல்லையா? டீச்சர், நீங்கள் படித்தவர்கள், எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் பார்ப்பீர்கள். என் பொம்மியை எனக்குத் தெரியாதா? அவள் நேர்ப்பேச்சுக்காரி. வண்டு என்றால் வண்டு, கேப்டன் என்றால் கேப்டன். என்னைச் சொல்வதென்றால் என்னைச் சொல்லியிருப்பாள். சொல்ல மாட்டாளா? ...சொல்லியிருப்பாள். நான் சும்மாவா விட்டிருப்பேன், அது வேறு விசயம்.

வண்டி நிற்கிறதே. எந்த ஊர்? திண்டுக்கல்லா? அதற்குள்ளாகவா.

இல்லை, சும்மாதான் எழுந்தேன். கால் மரத்துவிட்டது. ...ஆமாம், பெரியகுளத்திலிருந்து இங்கே வந்து ஏறுவதுதான் பக்கம். நான் மதுரைக்குப் போய் ஏறினேன், அது என் இஷ்டம். பையை ஏன் எடுத்துத் தருகிறீர்கள்? வையுங்கள். இறங்கி என்ன செய்ய? மண்டி வாசலில் போய் நிற்கவா? அவன் தராசுப் பக்கத்தில் நிற்பான். "வாங்க மாமா" என்பான். அதுதான் தொந்தரவே, அவன் 'வாங்க மாமா' என்றுதான் சொல்வான். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இதற்கு என்ன பதில் இருக்கிறது?

நகர்ந்துவிட்டது. நல்லது. உட்காருகிறேன்.

இதை எழுதினவன் யார்? அவன். வெடிக்க வைத்தவன் யார்? அவன். அப்படியென்றால் சரிபண்ண வேண்டியவனும் அவன்தானே? நான் யோசித்துக்கூட வைத்திருக்கிறேன், அவனுக்கு வேலையே இல்லை. கேப்டன் தனியாகப் போகட்டும். கூட ஆள் வேண்டாம், பாட்டு வேண்டாம். தூதன் முன்னால் போய் நிற்கட்டும். நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லட்டும், "மாப்ளே, நான் அன்னைக்குப் பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போனது தப்புடா."

...மாப்ளே என்றா சொன்னேன்? வாய் தவறிவிட்டது. கேப்டன் எதற்கு வண்டை மாப்ளே என்கிறான்.

நீங்களும் மெட்ராஸ்தானே வருகிறீர்கள்? அவனை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள் டீச்சர். ஒரே ஒரு வரி. வேறு யாரும் எழுத முடியாது, அவன்தான் எழுத வேண்டும். இத்தனை நாள் விட்டது போதும், இனியாவது உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். அவள் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். எழுதச் சொல்லுங்கள் அவனை!